மேஜை மீது கொஞ்சம் மஜா

இந்தியில் 'மஜா' என்று ஒரு சொல் உண்டு. இந்தி தெரியாத தமிழர்களும் தயக்கமில்லாமல் பயன்படுத்தும் சொல். அதன் பூர்வீகம் பாரசீகம். அங்கே அதற்கு ருசி என்று பொருள். கிழக்கே இந்தியாவுக்கு வந்தபோது ருசி என்பது கேளிக்கையாகவும் விரிந்துவிட்டது. அதே சொல் மேற்கே துருக்கிக்குப் போய் 'மெஸே' ஆயிற்று. அங்கிருந்து கிரேக்கர்களின் சாப்பாட்டு மேஜைக்குத் தாவி 'மெஸேஸ்' ஆனது. சின்னச் சின்னத் தட்டுகளில், நடுவில் வைத்து, எல்லோரும் கை நீட்டி எடுத்துச் சாப்பிடும் சில்லறைத் தீனிகளுக்கு அங்கே இதுதான் பெயர். ஆக, கிரேக்கர்களின் மெஸேயும் நம்மூர் மஜாவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். சமைக்கும்போது இந்த உறவை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆங்கில மெனு கார்டுகள் இதை 'அப்பிடைஸர்' என்று மொழிபெயர்ப்பது பாதி உண்மைதான். பசியைத் தூண்டிவிட்டு, பெரிய தட்டு வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும் ரகமல்ல மெஸே. கிரீஸில் பல மாலைகளில் அதுவே முழுச் சாப்பாடு. இங்கே ஒரு தட்டு கெட்டித் தயிர், அங்கே ஒரு தட்டு மசித்த பருப்பு, நாலு ஆலிவ் காய், ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ரொட்டி, பக்கத்தில் ஊஸோ என்ற சோம்பு வாசனைச் சாராயம். ஒரு மணி நேரத்தில் எழுந்து போனால் மரியாதைக் குறைவு. இந்தக் கூட்டத்துக்கு 'பரேயா' என்று ஒரு தனிப் பெயர் உண்டு. பரேயா இல்லாமல் மெஸே இல்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் அது வெறும் தயிரும் ரொட்டியும்தான்.

நம் வீடுகளில் விருந்து என்றால் என்ன நடக்கிறது? பூரி சூடாக வர வேண்டும், வடை சூடாக வர வேண்டும், தோசை கல்லிலிருந்து நேராக இலைக்கு வர வேண்டும். விளைவு, வீட்டுப் பெண்மணி அடுப்படியிலேயே நின்றுகொண்டிருப்பார். கூடத்தில் நடக்கும் அரட்டை அவருக்குக் காது வழியாக மட்டும். எல்லோரும் ஏப்பம் விட்ட பிறகு, ஆறிப்போனதை அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். இந்த ஏற்பாட்டுக்கு 'உபசாரம்' என்று கௌரவமான பெயர் வேறு. மெஸேயின் பெரிய கவர்ச்சி ஆலிவ் எண்ணெய் அல்ல, இந்த இடம்தான். முக்கால்வாசித் தட்டுகள் ஆறிய நிலையில் சாப்பிட வேண்டியவை. சில முந்தின நாளே செய்துவிட வேண்டியவை, செய்தால்தான் ருசி. சமைத்தவர் மேஜையில் மற்றவர்களுடன் உட்கார முடிகிறது. அடுப்பு முன்னால் நிற்க வேண்டிய தட்டு ஒன்றே ஒன்று இருந்தால், அதை வீட்டு ஆண் யாராவது செய்யட்டும். செய்முறை ரொம்ப எளிது, சாக்குச் சொல்ல வழியில்லை.

எதிர்ப்பு வரும். "சாதம் எப்போம்மா வரும்?" என்று மாமனார் கேட்பார். அவருக்குத் துணைக்கு ஆள் உண்டு. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் சாமோஸ் தீவைச் சேர்ந்த லின்கியஸ் எழுதிய நாடகம் ஒன்றில் ஒரு பாத்திரம், ஏதென்ஸ்காரர்கள் வைக்கும் விருந்தைத் திட்டித் தீர்க்கிறது. பெரிய தாம்பாளம், அதில் குட்டிக் குட்டித் தட்டுகள், ஒன்றை வாயில் போடுவதற்குள் அடுத்தவன் இன்னொன்றைக் காலி செய்துவிடுகிறான் என்று புகார். கிரேக்கர்களே கிரேக்கர்களைப் பற்றிச் சொன்னது. ஆகவே மாமனாருக்காக ஒரு கிண்ணம் தயிர் சாதம் தனியாக எடுத்து வைப்பதில் தவறில்லை.

முதலில் செய்ய வேண்டியது ட்ஸாட்ஸிகி. பெயர்தான் பல்லைப் பதம் பார்க்கும், சமாச்சாரம் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியின் தூரத்துச் சொந்தம். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. நம் பச்சடி தளர இருக்கலாம். ட்ஸாட்ஸிகியில் ஒரு சொட்டு நீர் மிதந்தாலும் தோல்வி. அரைக் கிலோ கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, ஃப்ரிஜ்ஜில் நாலைந்து மணி நேரம் விட வேண்டும். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலில் புளித்துவிடும். ஒரு வெள்ளரியைத் தோல் சீவி, விதை நீக்கி, துருவி, உப்புப் போட்டு இருபது நிமிடம் வைத்துப் பிழிய வேண்டும். பிழிவது என்றால் கைவலிக்கப் பிழிவது. இரண்டு பல் பூண்டை உப்புடன் நசுக்கி, ஒரு மேஜைக் கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு தேக்கரண்டி வினிகர், கொஞ்சம் சதகுப்பை இலை எல்லாம் சேர்த்துக் கலந்து இரண்டு மணி நேரம் குளிர வைத்தால் முடிந்தது. சதகுப்பை இலை தமிழ்நாட்டுக் காய்கறிக் கடைகளில் அபூர்வம். பெங்களூர்த் தமிழர்களுக்கு அது 'சப்ஸிகே சொப்பு', பம்பாய், புனேக்காரர்களுக்கு 'ஷேப்பூ', டெல்லியில் 'சோயா'. கிடைக்காவிட்டால் புதினா போதும். துருக்கியர்கள் தங்கள் 'ஜாஜிக்'கில் புதினாதான் போடுகிறார்கள். ட்ஸாட்ஸிகி என்ற பெயரே அந்த ஜாஜிக்கிலிருந்து வந்தது.

இங்கே ஒரு கண்டிப்பு தேவை. தாளிக்கக் கூடாது. கடுகு, பச்சை மிளகாய், பெருங்காயம் என்று கை தானாகப் போகும். போட்டால் ருசி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது பச்சடி ஆகிவிடும். பச்சடி என்றே பெயர் சொல்லிப் பரிமாறிவிடலாம், அதற்கு இவ்வளவு பிழிந்திருக்க வேண்டியதில்லை.

பூண்டு சேர்க்காத வீடுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். பழங்கால கிரேக்கர்கள் லிபியாக் கரையில் இருந்த சைரீன் நகரத்திலிருந்து 'சில்ஃபியம்' என்ற செடியின் பிசினை வரவழைத்து உணவில் போட்டார்கள். ஆசை மிகுந்து செடியே அழிந்துபோயிற்று. அதற்கு மாற்றாக மத்திய தரைக்கடல் சமையலறைகள் பிடித்துக்கொண்டது பாரசீகத்திலிருந்து வந்த பெருங்காயம். ஆக ஒரு சிட்டிகை பெருங்காயத்தைப் பழங்கால கிரேக்கத்தின் பெயரைச் சொல்லியே போடலாம்.

இந்தத் தயிர்த் தட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. நம் சங்கப் பாடல்களில் வரும் 'யவனர்' என்ற சொல், அயோனியா என்ற இடத்தின் பெயரிலிருந்து கிளைத்தது. அயோனியா இன்றைய துருக்கியின் மேற்குக் கடற்கரை. அதன் பெரிய துறைமுகம் ஸ்மிர்னா, இன்றைய பெயர் இஸ்மிர். சுமார் மூவாயிரம் ஆண்டுகளாகக் கிரேக்கர்கள் வாழ்ந்த கரை அது. 1922 செப்டம்பரில் கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் ஸ்மிர்னா எரிந்தது. அடுத்த ஆண்டு இரண்டு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. மதம்தான் அளவுகோல். சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் பெயர்க்கப்பட்டார்கள். வந்தவர்களில் பலர் நகரவாசிகள், விதவிதமாகச் சமைக்கத் தெரிந்தவர்கள். மசாலா, தயிர், அடைத்த காய், இலையில் சுருட்டிய சோறு என்று அவர்கள் கைவசம் ஒரு பெரிய பட்டியலே இருந்தது. வரவேற்பு எப்படி? 'துருக்கி விதைகள்' என்றும், 'தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்' என்றும் உள்ளூர்க்காரர்கள் ஏசினார்கள். தயிர் ஒரு வசைச் சொல்லாக இருந்தது. இன்று உலகமெங்கும் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் 'கிரேக்கத் தயிர்' என்று முத்திரை குத்தி விற்கிறார்கள். 1947க்குப் பிறகு டெல்லியில் தந்தூரி அடுப்புகளை மூட்டிய பஞ்சாப் அகதிகளின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அகதிகள் இப்படி வந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஒரு சமையல்காரர் எதிர்த் திசையில் போனார். நிகோலாஸ் செலெமென்டெஸ். வியன்னாவில் சமையல் பயின்று அமெரிக்காவில் வேலை பார்த்தவர். 1920களில் வந்த அவருடைய சமையல் புத்தகம் கிரீஸில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. 'செலெமென்டெஸ்' என்றாலே சமையல் புத்தகம் என்று அர்த்தம் ஆகிவிட்டது. கிரேக்கச் சமையலைத் துருக்கியர்கள் கெடுத்துவிட்டார்கள், அதைச் சுத்தப்படுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. பூண்டும் மசாலாவும் குறைய வேண்டும், வெண்ணெயும் பிரெஞ்சு வெள்ளைச் சாஸும் வர வேண்டும். கத்தரிக்காய் மூஸாக்காவின் மேல் இன்று மெத்தை மாதிரி படிந்திருக்கும் பெஷமெல் சாஸ் அவர் புண்ணியம். துருக்கியை விரட்டப் பிரான்ஸை அழைத்ததில் தூய்மை எங்கே வந்தது என்று அவர் விளக்கியதாகத் தெரியவில்லை. மூஸாக்கா என்ற சொல் அரபியிலிருந்து துருக்கி வழியாக வந்தது. அதற்குள் இருக்கும் கத்தரிக்காயின் பூர்வீகம் நம் பக்கம். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கிரீஸில் அது பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். எல்லாவற்றையும் சுத்தப்படுத்தினால் தட்டில் ஆலிவ் காய் மட்டும் மிஞ்சும்.

ஆகவே மைலாப்பூரிலோ மாதுங்காவிலோ ஒருவர் இந்தத் தட்டுகளோடு விளையாடினால் கிரேக்கர்கள் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர்கள் கோர்ட் வரை போவார்கள். அது ஃபெட்டா.

உப்பு நீரில் ஊறும் வெள்ளைப் பாலாடைக்கட்டி அது. செம்மறி ஆட்டுப் பால், கூடவே வேண்டுமானால் 30 சதவீதம் வரை வெள்ளாட்டுப் பால். குறைந்தது இரண்டு மாதம் பதமாக வேண்டும். டென்மார்க்கும் ஜெர்மனியும் பசும்பாலில் செய்து அதே பெயரில் விற்று வந்தன. 2002இல் ஐரோப்பிய யூனியன் அந்தப் பெயரைக் கிரீஸுக்கே உரியதாக்கியது. மற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரீஸ் பக்கம் தீர்ப்பளித்தது. டென்மார்க் விடவில்லை, ஐரோப்பாவுக்கு வெளியே ஏற்றுமதி செய்வதற்கு மட்டும் அந்தப் பெயர் பரவாயில்லை என்று சமாளித்தது. 2022இல் அதற்கும் குட்டு விழுந்தது. இத்தனைக்கும் 'ஃபெட்டா' இத்தாலியச் சொல், வெறும் 'துண்டு' என்று அர்த்தம்.

அதனால் வீட்டில் செய்வதற்கு 'உப்புப் பன்னீர்' என்று பெயர் வைப்பது உத்தமம். கால் கிலோ பன்னீரைப் பெரிய துண்டுகளாக வெட்ட வேண்டும். அரை லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, இரண்டரை மேஜைக் கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி வினிகரும் கரைத்து, பன்னீரை அதில் முழுக்கி, மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஃப்ரிஜ்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். நிஜ ஃபெட்டாவின் காரமான வீச்சம் இதில் வராது. ஆனால் சப்பென்ற பன்னீருக்கு ஒரு முதுகெலும்பு முளைத்திருக்கும். மேலே ஆலிவ் எண்ணெய் விட்டு ஓரெகானோ தூவ வேண்டும். பிட்ஸாவோடு வந்து, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து இழுப்பறையில் வருடக்கணக்காக உறங்கும் பொட்டலங்களுக்கு இதுதான் விடிவு காலம். அதுவும் இல்லாத வீட்டில் தொட்டியில் கற்பூரவல்லி இருக்கும். ஓரெகானோவின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள் அதிலும் உண்டு. ஒரே ஒரு இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டால் போதும், இரண்டு இலை போட்டால் கஷாய வாசனை வந்துவிடும். இதே உப்புப் பன்னீரை உதிர்த்து, கட்டித் தயிருடன், சுட்டுத் தோலுரித்த இரண்டு பஜ்ஜி மிளகாயும் சேர்த்து மசித்தால் கிரேக்கர்களின் 'டிரோகாஃப்டெரி' தயார். காரம் பிடிக்கும் குழந்தைகள் கூட ரொட்டியில் தடவிச் சாப்பிடும்.

ஆலிவ் எண்ணெய் விலை பற்றி ஒரு வார்த்தை. குப்பியில் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்றிருப்பதைப் பொரிக்கப் பயன்படுத்துவது காசைக் கரியாக்கும் வேலை. பொரிப்பதற்குக் கடலை எண்ணெய் போதும். நல்ல ஆலிவ் எண்ணெயைக் கடைசியில் பச்சையாக மேலே விட வேண்டும், நாம் நெய் விடுகிற மாதிரி. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் வாசனை மற்ற எதையும் பேசவிடாது.

அடுத்தது ஃபாவா. தமிழ் நாக்கு முதல் கவளத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும் தட்டு. மசித்த மஞ்சள் பருப்பு, மேலே பச்சை வெங்காயம், எலுமிச்சை, எண்ணெய். ஆங்கிலத்தில் ஃபாவா என்றால் ஒருவகைப் பெரிய அவரை. கிரேக்கத்தில் அது பருப்பு மசியல். பெயர் பெற்றது சாண்டோரினி தீவின் ஃபாவா. எரிமலைச் சாம்பல் மண்ணில், பாசனம் இல்லாமல் விளைவது. அந்தத் தீவில் அக்ரோதிரி என்ற ஊர் 3,500 ஆண்டுகளுக்கு மேலாக எரிமலைச் சாம்பலுக்கடியில் புதைந்து கிடந்தது. அங்கே தோண்டியபோது இந்தப் பருப்பின் விதைகள் கிடைத்தன. அவ்வளவு பழைய சாப்பாடு.

இந்திய வாசகர்களைச் சற்று நிமிர்ந்து உட்கார வைக்கும் விஷயம் வேறு. அந்தப் பயிர் லத்தைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வட மாநிலங்களில் விளையும் கேசரிப் பருப்புக்கு உறவு. கேசரிப் பருப்பு வறட்சியைத் தாங்கும், ஏழைகளின் பசியையும் தாங்கும். வேறு உணவில்லாமல் மாதக்கணக்கில் அதையே தின்றால் கால்கள் முடங்கிப்போகும். அதில் இருக்கும் நச்சு நரம்பைத் தாக்குகிறது. 1961இல் விற்பனைக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகும் துவரம் பருப்பில் கலப்படமாக அது தலை காட்டியது. சாண்டோரினியின் பருப்பு அதே இனமல்ல, அவ்வப்போது ஒரு தட்டு சாப்பிடுகிறவர்கள் அஞ்சவும் தேவையில்லை. ஆனால் 'அசல் ருசிக்காக' யாரும் கேசரிப் பருப்பைத் தேடிப் போக வேண்டாம். கிரீஸின் பல வீடுகளிலேயே ஃபாவா என்பது மஞ்சள் பட்டாணிப் பருப்பில்தான் செய்யப்படுகிறது. அது நம் மளிகைக் கடையிலும் உண்டு.

ஒரு தம்ளர் பட்டாணிப் பருப்பு, மூன்று தம்ளர் தண்ணீர், நாலாக வெட்டிய ஒரு வெங்காயம். கொதிக்கும்போது வரும் நுரையை எடுத்துவிட்டு, குழையும் வரை வேக விட வேண்டும். மஞ்சள் தூள் வேண்டாம், பருப்புக்கே நிறம் உண்டு. உப்பு, அரை மூடி எலுமிச்சை, மூன்று மேஜைக் கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு மத்தால் கடைந்தால் வெண்ணெய் மாதிரி வரும். சற்றுத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், ஆறினால் இறுகும். இதன் மேல் சாண்டோரினிக்காரர்கள் கேப்பர் மொட்டுகளை உப்பில் ஊறவைத்துத் தூவுகிறார்கள். அது இங்கே விலை அதிகம். ராஜஸ்தானில் 'கேர் சாங்ரி'யில் போடும் கேர் காய், கேப்பர் செடியின் நெருங்கிய உறவு. ஜெய்ப்பூர், ஜோத்பூர் தமிழர்கள் அங்கே கிடைக்கும் கேர் ஊறுகாயைக் கழுவிப் போடலாம். மற்றவர்களுக்கு எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மிளகு இருக்கிறது. ருசி வேறுதான், ஆனால் பல்லில் கடிபடும்போது கிடைக்கும் 'அட' ஒன்றேதான்.

சுட்ட கத்தரிக்காய் மசியல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொத்சும் பைங்கன் பர்த்தாவும் தெரிந்த கைகளுக்கு அது இடது கை வேலை. தோல் கருகச் சுட வேண்டும், உரித்து வடிகட்டியில் வைத்துக் கசப்பு நீரை வடிக்க வேண்டும். மிக்ஸியில் போடாமல் கத்தியால் கொத்தி, பூண்டு, வினிகர், எண்ணெய். கொத்தமல்லித் தழையைத் தவிர்த்தால் கிரீஸ், போட்டால் பஞ்சாப்.

விளையாட்டு என்றால் கிரேக்கத் தட்டுகளின் பெயர்களிலேயே அது இருக்கிறது. கத்தரிக்காயைப் பிளந்து அடைத்தது 'பபுட்ஸாகியா', குட்டிக் காலணிகள். வெங்காயமும் தக்காளியும் அடைத்து எண்ணெயில் மூழ்கிய கத்தரிக்காய் 'இமாம் பயில்தி', இமாம் மயங்கி விழுந்தார். ருசியில் விழுந்தாரா, எண்ணெய்ச் செலவைக் கேட்டு விழுந்தாரா என்பதில் இரண்டு கட்சி. திராட்சை இலையில் சுருட்டிய சோற்றுக்குப் பெயர் தோல்மாதாகியா. இறைச்சி போடாமல் செய்தால் அது 'யலான்ஜி', துருக்கி மொழியில் பொய்யன். சைவம் என்றாலே பொய் வேஷம் என்று நினைத்த சமையலறையின் நகைச்சுவை. சைவர்கள் கோபிக்காமல் ருசிக்கலாம்.

பொய்யனைச் செய்ய நேரமும் ஆட்களும் வேண்டும். பச்சரிசியை வெங்காயம், எண்ணெய், புதினா, சதகுப்பையுடன் அரைவேக்காடாகப் புரட்டி, இலையில் ஒரு கரண்டி வைத்து, பீடி சுற்றுகிற மாதிரி இறுக்கமில்லாமல் சுருட்ட வேண்டும். அரிசி உப்ப இடம் விட வேண்டும். பாத்திரத்தில் நெருக்கமாக அடுக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் பாரம் வைத்து, எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் விட்டுச் சிறு தீயில் வேக விட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கிலோ நாசிக்கிலோ இருப்பவர்கள் தோட்டத்து இலையைப் பறிக்கும் முன் யோசிக்கட்டும், வணிகத் தோட்டங்களில் கொடிக்கு மருந்து தெளிக்கிறார்கள். வீட்டுப் பந்தலில் படர்ந்த கொடியின் இளம் இலை என்றால் சரி. இல்லாவிட்டால் முட்டைக்கோஸ். கிரேக்கர்களே குளிர்காலத்தில் முட்டைக்கோஸ் இலையில்தான் சுருட்டுகிறார்கள். சேப்ப இலை வேண்டாம், தொண்டை அரிக்கும். இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. மேஜையில் இலைகளைப் பரப்பி வைத்தால் குழந்தைகளும் பாட்டியும் சேர்ந்துகொள்வார்கள். கோணல் மாணலாகச் சுருட்டியவர் யார் என்று சாப்பிடும்போது கண்டுபிடிக்கலாம்.

சைவத் தட்டுகள் இவ்வளவு இருப்பதற்குத் தேவாலயம் ஒரு காரணம். கிரேக்கத் திருச்சபையின் விரத நாட்களைக் கூட்டினால் ஆண்டில் ஏறக்குறைய பாதி. இறைச்சி, பால், முட்டை, முள் உள்ள மீன் எதுவும் ஆகாது. பருப்பும் காய்கறியும் எண்ணெயும் வைத்துத்தான் நாக்கைச் சமாதானப்படுத்த வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய விரதம் 'சுத்தத் திங்கள்' அன்று தொடங்கும். குடும்பத்தோடு வெளியே போய்ப் பட்டம் விடுவார்கள். 'லகானா' என்ற தட்டை ரொட்டி, ஆலிவ், அல்வா, சிப்பி, உப்பிட்ட மீன் சினையில் செய்த 'தாராமோசலாதா' எல்லாம் உண்டு. மீன் கூடாது, மீன் முட்டை கூடும். விரதச் சட்டத்தில் சந்து கண்டுபிடிப்பதில் ஏகாதசிக்காரர்களுக்கு அவர்கள் சளைத்தவர்கள் அல்ல.

இனி அடுப்பு முன்னால் நிற்க வேண்டிய அந்த ஒரு தட்டு. சாண்டோரினியின் 'தொமடோகெஃப்டெதெஸ்', தக்காளிப் பகோடா. நன்கு பழுத்த அரைக் கிலோ தக்காளியைப் பொடியாக நறுக்கி, ஒரு வெங்காயம், கைப்பிடி புதினா, உப்பு, மிளகுத் தூள் சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் சாறு விடும். அந்தச் சாறே போதும். கரண்டியில் நிற்கிற பதம் வரும் வரை மைதா சேர்த்து, கரண்டி கரண்டியாக எண்ணெயில் இட வேண்டும். கடலை மாவு போட்டால் நம் பகோடா. இரண்டையும் பாதிப் பாதியாகச் செய்து பெயர் சொல்லாமல் பரிமாறி, எது எந்த ஊர் என்று பந்தயம் கட்டலாம்.

பாலாடைக்கட்டியை மாவில் புரட்டி வறுக்கும் 'சகனாகி'யும் சூடாகத்தான் வர வேண்டும். சின்ன வாணலியின் பெயர்தான் சகனாகி. ஓட்டல்களில் அதன் மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்தி 'ஓப்பா!' என்று கத்துவதைப் பார்த்தவர்கள் அது கிரேக்க மரபு என்று நம்புகிறார்கள். சிகாகோவில் ஹால்ஸ்டெட் தெருவில் இருந்த 'பார்த்தினான்' என்ற ஓட்டல் 1968இல் தொடங்கி வைத்த வேடிக்கை அது என்பது பொதுவான பேச்சு. ஓட்டல் 2016இல் மூடிவிட்டது, நெருப்பு மட்டும் அணையவில்லை. கேஸ் சிலிண்டரும் புடவைத் தலைப்பும் இருக்கும் சமையலறையில் அந்த வேடிக்கை வேண்டாம். வறுத்த உப்புப் பன்னீரில் எலுமிச்சை பிழியும்போது வரும் 'ஸ்' சத்தமே போதுமான கைதட்டல்.

பரிமாறுவதற்கு வோலோஸ் துறைமுகத்தின் வழியைப் பின்பற்றலாம். அங்கே 'சிபூரோ' என்ற சாராயத்தைச் சின்னக் குப்பிகளில் தருவார்கள். ஒவ்வொரு குப்பியோடும் ஒரு மெஸே வரும். எது வரும் என்று வாடிக்கையாளர் கேட்க முடியாது, கடைக்காரர் இஷ்டம். ஆசியா மைனரிலிருந்து வந்த அகதி மீனவர்கள் ஏற்படுத்திய வழக்கம் என்கிறார்கள். நம் வீட்டில் சாராயத்துக்குப் பதில் சோம்பை இடித்து ஊறவைத்த எலுமிச்சைச் சர்பத். ஊஸோவில் தண்ணீர் விட்டால் பால் மாதிரி வெளுக்கும், சோம்பின் எண்ணெய் தண்ணீரில் கரையாமல் திரள்வதால். சர்பத்தில் அந்த மாயம் நடக்காது, வாசனை மட்டும் வரும். தட்டுகளை மொத்தமாக அடுக்காமல் கால் மணிக்கு ஒன்றாக இறக்க வேண்டும். அடுத்தது என்ன என்று சமைத்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். ஓட்டை பேக்கரி பன் கூட எண்ணெய் தடவிக் கல்லில் வாட்டினால் தொட்டுக்கொள்ள ஜோராக இருக்கும்.

மிச்சம் கட்டாயம் இருக்கும். ட்ஸாட்ஸிகியை மறுநாளே முடித்துவிட வேண்டும், மூன்றாம் நாள் பூண்டு தவிர வேறெதுவும் மிஞ்சாது. பொய்யன்கள் இரண்டு நாள் தாங்குவார்கள், முதல் நாளைவிட இரண்டாம் நாள் மேல். கல்லாக இறுகிப்போன ஃபாவாவுக்குச் சாண்டோரினியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, தக்காளியும் கேப்பரும் சேர்த்துக் குழம்பாக்கி, ஃபாவாவை அதில் உடைத்துப் போட்டுச் சூடாக்குகிறார்கள். அந்தத் தட்டின் பெயர் 'பந்த்ரெமெனி', அதாவது கல்யாணமான ஃபாவா. மறுநாள் காலையில் தோசைக்கு நன்றாகச் சேரும்.